மடக்கை அட்டவணையிலிருந்து வரைபுக் கணிகருவி வரை
(எமது சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவியும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியையுமான ஒருவர் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் பேசுகிறவர்கள் வழக்கமாக விடுதிச் சாப்பாடு, பிரார்த்தனை மணி, வாவிக் காற்று என்று தொடங்குவார்கள். அவற்றையெல்லாம் என்னைவிட அழகாகச் சொல்லக்கூடியவர்கள் இந்தச் சபையில் பலர் இருக்கிறீர்கள். நான் கணிதம் படிப்பித்தவள். முதலில் இங்கே, பிறகு இலண்டனில் ஒரு பாடசாலையில். ஆகவே கல்குலேற்றரைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். செயலாளர் சிரித்தார். பிறகு, “அதுவும் தேவைதான் டீச்சர், காசு விஷயம் அல்லவா” என்றார்.

காசு விஷயம்தான். நூற்றாண்டு நினைவாகப் பாடசாலைக்கு என்ன கொடுக்கலாம் என்று கிளைகளிடம் கேட்டபோது, ஒரு வெளிநாட்டுக் கிளையிலிருந்து வந்த யோசனை இது: உயர்தரக் கணிதப் பிரிவுப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு வரைபுக் கணிகருவி. தங்கள் பிள்ளைகள் அங்கே அதை வைத்துப் படிப்பதைப் பார்க்கிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அது கிடைக்கட்டும் என்று நினைக்கிறார்கள். நல்ல மனம். ஆனால் காசை அனுப்புவதற்கு முன்னர், அந்தப் பொருள் என்ன, அது எதைச் செய்யும், இங்கே அதைத் தொடும் பிள்ளைக்கு அதனால் என்ன வரும் என்று பார்க்க வேண்டும்.

இங்கே நாங்கள் எதை வைத்துக் கணித்தோம்? மடக்கை அட்டவணை. ஸ்கொட்லாந்தின் ஜோன் நேப்பியர் 1614இல் மடக்கையை வெளியிட்டார். ஹென்றி பிரிக்ஸ் அதைப் பத்தின் அடிக்கு மாற்றி, 1624இல் பதினான்கு தசம தானங்களுக்குப் பெரிய அட்டவணை போட்டார். அதன் பேரப்பிள்ளைதான் எங்கள் கைகளில் இருந்த அந்த மெல்லிய நாலு தான அட்டவணை. பெருக்கலைக் கூட்டலாகவும் வகுத்தலைக் கழித்தலாகவும் மாற்றிவிடும். 2இன் மடக்கை 0.3010, 3இன் மடக்கை 0.4771. இந்த இரண்டையும் நித்திரையில் கேட்டாலும் சொல்லுவோம். இந்தச் சபையில் இப்போது யாரோ வாய்க்குள் சொல்லிக்கொள்கிறார்கள்!

1978 நவம்பர் 23ஆந் திகதி சூறாவளி வந்ததே, அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் புத்தகங்களை வெயிலில் காயப்போட்டபோது என்னுடைய அட்டவணையும் காய்ந்தது. தாள்கள் அலையாகச் சுருண்டன, எண்கள் போகவில்லை. அந்தப் பொருளின் பெருமை அதுதான். பற்றரி வேண்டாம், வெளிச்சம் மட்டும் வேண்டும். யுத்த காலத்தில் சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் படுவான்கரைக்குப் பற்றரி கொண்டுபோவது எவ்வளவு சிரமம் என்று அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். அட்டவணையை யாரும் தடுக்கவில்லை.

ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். எங்கள் கரையோரக் கிணறு ஒன்று. ஆரை 0.75 மீற்றர், தண்ணீரின் ஆழம் 2.4 மீற்றர். எவ்வளவு தண்ணீர்? பையை ஆரையின் வர்க்கத்தாலும் ஆழத்தாலும் பெருக்க வேண்டும். 3.142இன் மடக்கை 0.4972. 0.75இன் மடக்கை பார் ஒன்று தசம் எட்டு ஏழு ஐந்து ஒன்று. அதை இரண்டால் பெருக்கினால் பார் ஒன்று தசம் ஏழு ஐந்து பூச்சியம் இரண்டு. இந்த இடத்தில்தான் வகுப்பில் பாதிப் பேர் வழுக்கி விழுவார்கள். 2.4இன் மடக்கை 0.3802. மூன்றையும் கூட்டினால் 0.6276. முரண்மடக்கை 4.242. அதாவது 4.242 கன மீற்றர்.

இதையே ஒரு விஞ்ஞானக் கணிகருவியில் போட்டால் 4.241150082 என்று வரும். பிள்ளை அந்தப் பத்து இலக்கத்தையும் விடைத்தாளில் எழுதும். இலண்டனில் நான் திருத்திய தாள்களில் இதைக் கண்டு கண்டு சலித்துவிட்டேன். அந்தக் கிணற்றின் ஆரையை யார் அளந்தார்? கயிற்றாலோ நாடாவாலோ அளந்திருப்பார்கள். ஒரு சென்ரிமீற்றர் பிசகி 0.76 என்று எடுத்தால் விடை 4.355. ஒரு சென்ரிமீற்றருக்கு 114 லீற்றர் வித்தியாசம்! அளவை ஒரு சென்ரிமீற்றருக்கு நம்ப முடியாதபோது ஒன்பதாவது தசம தானத்துக்கு என்ன அர்த்தம்? நாலு தான அட்டவணை, தன்னால் இவ்வளவுதான் முடியும் என்பதைத் தன் அகலத்திலேயே காட்டிவிடும். கணிகருவியின் திரை அதைக் காட்டாது. அதை ஆசிரியை சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஆனாலும், அட்டவணை பார்த்தால்தான் மூளை வளரும் என்று சொல்லுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இடை வித்தியாச நிரலில் விரலை ஓட்டுவது கணிதம் அல்ல, எழுதுவினைஞர் வேலை. மின்பொறிகள் வருமுன்னர் ‘கொம்பியூட்டர்’ என்ற சொல்லே ஆளைத்தான் குறித்தது. அமெரிக்க விண்வெளி நிலையமொன்றில் அப்படி வேலை செய்தவர்களில் பலர் பெண்கள். 1962இல் ஜோன் கிளென் பூமியைச் சுற்றப் புறப்படுமுன், இயந்திரம் போட்ட கணக்கை கத்தரின் ஜோன்சன் என்ற பெண் சரிபார்த்துச் சொல்லட்டும் என்று கேட்டார். அந்த அம்மாவின் திறமை அட்டவணை பார்த்ததில் இல்லை. எந்தக் கணக்கைப் போட வேண்டும், வந்த விடை நம்பக்கூடியதா என்று தெரிந்திருந்ததில்தான்.

இனி மின் கணிகருவிக்கு வருகிறேன். 1961இல் இங்கிலாந்தில் வந்த ‘அனிட்டா’ மேசையை அடைத்துக்கொண்டு இருந்தது. 1972இல் ஹியூலற் பக்கார்ட் நிறுவனம் எச்பி-35 என்று சட்டைப்பையில் வைக்கக்கூடிய ஒன்றைக் கொண்டுவந்தது. சைன், கோசைன், மடக்கை எல்லாம் அதில் இருந்தன. விலை 395 டொலர். நாலு வருடத்தில், 1976இல், டெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் டிஐ-30ஐ 25 டொலருக்குக் கொடுத்தது. எங்கள் நாட்டில் அப்போது இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். 1977க்குப் பிறகு கடைகளுக்கு வந்தது. அதைவிட, மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன அண்ணன்மாரின் பெட்டிகளில் வந்தது. கசியோ என்ற பெயர் எங்களுக்கு அப்படித்தான் அறிமுகமானது.

கணிகருவி என்று ஒரே பெயரில் சொன்னாலும், கடையில் இருப்பதும் வகுப்பில் இருப்பதும் வேறு வேறு சாதி. மாறிப் பிடித்தால் விடையும் மாறும். பஸ் காசு 50 ரூபாய், அரிசி மூன்று கிலோ, கிலோ 240 ரூபாய். அப்படியே 50 சக 3 தர 240 என்று அழுத்துங்கள். சாதாரணக் கடைக் கணிகருவி வந்த வரிசையிலேயே செய்யும்: ஐம்பத்து மூன்றை 240ஆல் பெருக்கி 12720 என்று சொல்லும். விஞ்ஞானக் கணிகருவி பெருக்கலை முதலில் செய்து 770 என்று சொல்லும். இரண்டும் பழுதில்லை. இரண்டும் தங்கள் சட்டப்படிதான் நடக்கின்றன. காத்தான்குடிக் கடைகளில் காசாளர் பில்லைப் பார்த்துக்கொண்டே, பொத்தானைப் பார்க்காமல், எம் பிளஸ் அழுத்தி அழுத்திக் கூட்டுவதைக் கண்டிருப்பீர்கள். அவருக்குத் தன் கருவியின் சட்டம் விரலில் இருக்கிறது. எங்கள் உயர்தரப் பிள்ளைகள் பலருக்கு அது இல்லை.

இன்னொரு சோதனை: 1ஐ 3ஆல் வகுத்து, வந்ததை 3ஆல் பெருக்குங்கள். எட்டு இலக்கக் கடைக் கருவி 0.9999999 காட்டும். விஞ்ஞானக் கருவி 1 காட்டும், ஏனென்றால் திரையில் தெரியாத சில இலக்கங்களை உள்ளே ஒளித்து வைத்திருக்கிறது. மறை மூன்றின் வர்க்கத்தைப் பழைய மாதிரியில் 3, குறி மாற்றி, வர்க்கம் என்று அழுத்தினால் 9 வரும். எழுதுகிற மாதிரியே அழுத்தும் புதிய மாதிரியில் அடைப்புப் போடாவிட்டால் மறை 9 வரும். 6ஐ வகுத்து, 2ஐ எழுதி, பெருக்கல் குறி போடாமல் அடைப்புக்குள் 1 சக 2 என்று போட்டால், கசியோவின் இப்போதைய விஞ்ஞானக் கருவிகள் 1 என்கின்றன, டிஐ-84 9 என்கிறது. பெரிய நிறுவனங்கள் இரண்டுக்குள்ளேயே இணக்கமில்லை! குழந்தைக்கு அடைப்புப் போடப் பழக்குவதைவிட வேறு வழியில்லை.

எல்லாவற்றிலும் மோசமான பொறி கோண அலகு. பாகையில் சைன் 30 என்றால் 0.5. கருவி ஆரையனில் நின்றால் மறை 0.988. கிரேடில் நின்றால் 0.454. திரையின் மூலையில் ஒரு சின்ன எழுத்துத்தான் எச்சரிக்கை. மறை எண் வந்தால் பிள்ளை திடுக்கிடும், நல்லது. 0.454 வந்தால் திடுக்கிடாது. அதுதான் ஆபத்து. இங்கிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன எங்கள் பெண்கள் சிலர் என்னிடம் சொன்னது இதுதான்: “டீச்சர், முதலாம் வருடத்தில்தான் நாங்கள் அதை முதன்முதல் தொட்டோம். மற்றவர்கள் ரியூசனிலேயே பழகியிருந்தார்கள்.” எண்கள் தெரிந்த பிள்ளைகள், பொத்தான் தெரியாமல் ஆய்வுகூடத்தில் தடுமாறியிருக்கிறார்கள். இதை நான் இலேசாக எடுக்கவில்லை.

இப்போது வரைபுக் கணிகருவி. கசியோ 1985இல் எஃப்எக்ஸ்-7000ஜி என்ற பெயரில் முதலாவதைக் கொண்டுவந்தது. டெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் 1990இல் டிஐ-81ஐ வெளியிட்டது. 2004இல் வந்த டிஐ-84 பிளஸ் அமெரிக்க வகுப்பறைகளில் இன்றும் ஓடுகிறது. சமன்பாட்டைக் கொடுத்தால் வளைகோட்டைக் கீறும். மூலங்களைக் காணும், உயர்வு இழிவைக் காட்டும், அட்டவணை போடும், புள்ளிவிபரமும் செய்யும். கையில் ஒரு வரைபைக் கீறி முடிக்கும் நேரத்தில் இருபது வரைபைப் பார்க்கலாம். இருபடிச் சார்பின் குணகத்தை மாற்ற மாற்ற வளைவு எப்படி ஒடுங்கி விரிகிறது என்பதை ஒரு பிள்ளை தானாகவே கண்டு “ஆ!” என்று சொல்வதை இலண்டனில் கண்டிருக்கிறேன். அந்த ஒரு நிமிடத்துக்காகவே அது நல்ல கருவி.

ஆனால் அது கண்ணை ஏமாற்றும். எக்ஸ் வர்க்கம் சக 20 என்ற சார்பைக் கொடுங்கள். திரையின் எல்லைகள் வழக்கமாக இரு அச்சுகளிலும் மறை 10 முதல் 10 வரை. திரை வெறுமையாக இருக்கும். வளைகோடு இருக்கிறது, சாளரத்துக்கு மேலே நிற்கிறது. கல்லடிப் பாலத்தில் நின்று தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டு, நிலவு இல்லை என்று சொல்வது போல. கருவி பாகையில் நிற்கும்போது அதே சாளரத்தில் சைன் எக்ஸைக் கீறினால் ஏறத்தாழ நேர்கோடு வரும். திரை சதுரமில்லாததால் வட்டம் முட்டையாகும்.

இன்னும் வியப்பான ஒன்று உண்டு. டிஐ-84 பிளஸ் திரையில் குறுக்காக 96 புள்ளிகள். வரைபுக்கு அதில் 95ஐ எடுக்கும். அந்த 95 இடங்களில் மட்டுமே சார்பின் பெறுமானத்தைக் கணித்து, இடைப்பட்டதைக் கோட்டால் இணைக்கும். கருவியை ஆரையனில் வைத்து, எக்ஸ் அச்சை மறை இரண்டு பையிலிருந்து இரண்டு பை வரை வையுங்கள். பிறகு சைன் 47 எக்ஸைக் கீறச் சொல்லுங்கள். தொண்ணூறுக்கு மேற்பட்ட அலைகள் நெருக்கமாக வரவேண்டிய இடத்தில், வெறும் நேர்கோடு வரும்! ஒவ்வொரு புள்ளியும் சரியாக அலை பூச்சியத்தைக் கடக்கும் இடத்தில் விழுந்துவிடுகிறது. சைன் 48 எக்ஸைப் போட்டால், சாதுவான சைன் எக்ஸைக் கீறித் தரும். கருவி பொய் சொல்லவில்லை. அது 95 இடத்தில் எட்டிப் பார்த்தது, அங்கே கண்டதைச் சொன்னது. இந்த ஒரு உதாரணத்தை வைத்து நான் ஒரு முழுப் பாடவேளை படிப்பித்திருக்கிறேன். வகுப்பிலே கெட்டிக்காரி அல்லாத ஒரு பிள்ளைதான் காரணத்தை முதலில் கண்டுபிடித்தாள்.

அடுத்தது பரீட்சை. பெற்றோர் கேட்கும் கேள்வி எப்போதும் இதுதான். எங்கள் நாட்டில் க.பொ.த. சாதாரண தரக் கணிதத்துக்குக் கணிகருவி அனுமதியில்லை. உயர்தரத்தில் இணைந்த கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் இல்லை. தொழினுட்பப் பிரிவின் வினாத்தாள்களில் செய்நிரற்படுத்த முடியாத கருவிக்கு இடமுண்டு. இந்தியாவின் மத்திய இடைநிலைக் கல்விச் சபையும் கணிதத்துக்குப் பொதுவாக அனுமதிப்பதில்லை. இங்கிலாந்தில் பதினாறு வயதுப் பரீட்சையில் மூன்று கணித வினாத்தாள். முதலாவதில் கருவி கிடையாது, மற்ற இரண்டிலும் உண்டு. அங்குள்ள உயர்தரத்தில் வரைபுக் கருவியும் கொண்டுபோகலாம், இயற்கணிதத்தைக் குறியீட்டிலேயே சுருக்கித் தருகிற வகையை மட்டும் விடமாட்டார்கள். அவுஸ்திரேலியாவின் விக்ரோரியா மாநிலத்தில் அந்த வகையையும் ஒரு தாளில் அனுமதிக்கிறார்கள், இன்னொரு தாளில் எதுவுமே இல்லை. மெல்பேணிலிருந்து வந்திருக்கும் தங்கைமார் தலையாட்டுகிறார்கள். அமெரிக்காவில் கல்லூரி அனுமதிக்கான எஸ்ஏரி பரீட்சை 2024 முதல் அங்கு முற்றாகக் கணினியில் நடக்கிறது. வரைபுக் கருவி அந்தத் திரைக்குள்ளேயே இருக்கிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கருவியைத் தாராளமாக அனுமதிக்கும் நாடுகளில் பல, கருவி இல்லாத ஒரு தாளையும் வைத்திருக்கின்றன. எங்கள் முறை கருவி இல்லாத தாளை மட்டும் வைத்திருக்கிறது. எங்கள் பிள்ளைகளின் கைக்கணக்கு அதனால் பலமானது. இலண்டனில் எங்கள் நாட்டிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைகளை நான் கண்டதும் அடையாளம் காண்பேன், பின்னத்தைக் கண்டு பயப்படமாட்டார்கள். ஆனால் மறுபாதி அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே அந்த யோசனைக்கு என் பதில். ஒரு வரைபுக் கருவி விலை கூடியது. நல்ல விஞ்ஞானக் கருவி அதைவிட மிக மலிவு. ஒரு பிள்ளைக்கு வரைபுக் கருவி வாங்கும் காசில் பல பிள்ளைகளுக்கு விஞ்ஞானக் கருவி வரும். வரைபுக் கருவியை இங்கே பரீட்சை மண்டபத்துக்குள் கொண்டுபோக முடியாது. பாடத்திட்டத்திலும் அதற்கென்று நேரமில்லை. ஆளுக்கொன்று கொடுத்தால், பரீட்சைக்கு ஆறு மாதத்துக்கு முன்னர் அது அலுமாரிக்குள் போகும். பற்றரி கசிந்து இறக்கும். இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. நன்கொடையாக வந்த கருவிகள் பெட்டி பிரிக்காமலே இருந்த அலுமாரிகளை வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன்.

வரைபைப் பார்க்க இப்போது அந்தக் கருவி அவசியமும் இல்லை. ஒஸ்திரியாவைச் சேர்ந்த மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001இல் தொடங்கிய ஜியோஜிப்ராவும், 2011இல் தொடங்கிய டெஸ்மோஸும் இலவசம். கணினியிலும் கைத்தொலைபேசியிலும் இயங்குகின்றன. ஒரு புரொஜெக்ரரும் ஒரு மடிக்கணினியும் இருந்தால் நாற்பது பிள்ளைகள் ஒரே வளைவைப் பார்த்து வாதாடலாம். தனித்தனியே சின்னத் திரையைக் குனிந்து பார்ப்பதைவிட அது எனக்குப் பிடித்தமானது.

நான் செயற்குழுவிடம் எழுத்தில் கொடுத்திருப்பது இதுதான். சூரிய ஒளியிலும் இயங்கும் விஞ்ஞானக் கருவி நாற்பது, எல்லாம் ஒரே மாதிரி, ஒரே தயாரிப்பு. வெவ்வேறு மாதிரியாக ஆளுக்கொன்று வாங்கி அனுப்ப வேண்டாம், ஏனென்று இப்போது உங்களுக்குத் தெரியும். அவை பிள்ளைகளுக்குச் சொந்தமல்ல, கணித அறைக்குச் சொந்தம். இலக்கமிட்டு, பெட்டியில், ஆசிரியையின் பொறுப்பில். சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை பிள்ளைகள் வீட்டில் இருக்கும் மாதங்களில் இரண்டு வாரப் பயிற்சி ஒன்று. உயர்தரப் பரீட்சை முடிந்தவர்களுக்குப் பல்கலைக்கழகம் போகுமுன் இன்னொன்று. வந்தாறுமூலைக்கோ பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ போகும் பெண் முதல் நாளிலேயே பாகையா ஆரையனா என்று பார்க்கப் பழகியிருக்க வேண்டும். வரைபுக் கருவி இரண்டே இரண்டு போதும், ஆசிரியைகளுக்கு. வெளிநாட்டில் படிக்கப்போகும் பிள்ளை வந்து கேட்டால் காட்டிக் கொடுக்கலாம்.

மிச்சக் காசு? கணித அறையின் கூரை ஒழுகுகிறது. அதை அதிபர் சொல்லக் கூச்சப்படுகிறார், நான் சொல்லிவிட்டேன்.

இன்னும் ஒன்று. நூலகத்தின் பின் அலுமாரியில் பழைய மடக்கை அட்டவணைகள் ஒரு கட்டு இருக்கின்றன. சிலவற்றின் முதற்பக்கத்தில் உங்களில் சிலருடைய பெயர்கள் இருக்கின்றன, பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் வேறு சில விடயங்களும் இருக்கின்றன. தேநீர் இடைவேளையில் போய்ப் பாருங்கள். எடுத்துக்கொண்டு போக வேண்டாம். பயிற்சியின் முதல் நாளில் அந்தக் கிணற்றுக் கணக்கை இரண்டு விதமாகவும் செய்வதற்கு அவை தேவைப்படும்.